இசப்கோல் கலந்த கழுத்து

கழுத்தின் பக்கவாட்டில், தோலுக்குக் கீழே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில், இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. ஒன்று உள் கழுத்துச் சிரை. தலையிலிருந்து இதயத்துக்கு ரத்தம் இறங்கும் வழி. மற்றது கரோட்டிட் தமனி. இதயத்திலிருந்து மூளைக்கு ரத்தம் ஏறும் வழி. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளிக்கு வீரியமான மருந்துகளைச் செலுத்த வேண்டுமென்றால் இந்தச் சிரை வழியாக ஒரு நீண்ட குழாயை இறக்குவார்கள். மருத்துவமனைப் பேச்சில் அதற்கு ‘சென்ட்ரல் லைன்’ என்று பெயர். சிரைக்குப் போக வேண்டிய ஊசி தமனியில் இறங்கிவிட்டால் கழுத்தில் ரத்தம் கட்டி வீங்கும். அதைக் கவனிக்காமல் அகலமான குழாயையும் செருகிவிட்டால் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். இன்னும் சற்றுக் கீழே தவறினால் அங்கே இருப்பது நுரையீரலின் உச்சி.

பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் இந்தச் சிரையைக் கண்ணால் பார்க்காமலே பிடித்தார்கள். கழுத்துத் தசையின் இரு கிளைகளும் சேருமிடத்தில் விரலை வைப்பது, தமனியின் துடிப்பைத் தொட்டுக்கொள்வது, அதற்கு வெளிப்புறமாக ஊசியைச் சாய்த்து இறக்குவது, சிரிஞ்சில் ரத்தம் ஏறுகிறதா என்று இழுத்துப் பார்ப்பது. கைதேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் எல்லாக் கழுத்திலும் சிரை பாடப்புத்தகம் சொல்லும் இடத்தில் இருப்பதில்லை. சிலருக்கு அது தமனியின் மேலேயே ஏறிப் படுத்திருக்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வந்தபின் இந்தத் துழாவல் குறைந்தது. நோயாளிகளின் பாதுகாப்புக்காகப் பரவலாகக் கைக்கொள்ள வேண்டிய நடைமுறைகளை 2001-இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமை வரிசைப்படுத்தியபோது, ஸ்கேன் பார்த்துக்கொண்டே சென்ட்ரல் லைன் போடுவதும் முன்வரிசையில் இடம்பிடித்தது. மறு ஆண்டு பிரிட்டனின் நைஸ் அமைப்பும் அதையே பரிந்துரைத்தது.

திரையில் சிரை கறுப்பு வட்டமாகத் தெரியும். ஸ்கேன் கருவியில் தோல்மேல் வைக்கும் முனையான புரோபை லேசாக அழுத்தினால் சிரை நசுங்கி மறையும். தமனி நசுங்காமல் துடித்துக்கொண்டிருக்கும். இனி என்ன, கறுப்பு வட்டத்துக்குள் ஊசியை விட வேண்டியதுதானே என்று தோன்றலாம்.

அது அவ்வளவு சுலபமில்லை. புரோபிலிருந்து இறங்கும் ஒலிக்கற்றை, நிமிர்த்தி வைத்த தபால் அட்டையைப் போல அகலமாகவும் மிக மெல்லியதாகவும் இருக்கிறது. அது குவியும் இடத்தில் அதன் தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். 18 கேஜ் ஊசியின் தடிமன் 1.27 மில்லிமீட்டர். அட்டையின் தடிமனுக்குள்ளேயே ஊசி முழு நீளமும் போனால் திரையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். கை நூலளவு விலகினாலும் கோடு பாதியில் அறுந்து நிற்கும். அறுந்த இடத்தையே ஊசிமுனை என்று நினைத்துப் புதியவர் மேலும் அழுத்துவார். உண்மையான முனை படத்தில் இல்லாத ஏதோ ஓரிடத்தில் முன்னேறிக்கொண்டிருக்கும். அட்டைக்குக் குறுக்கே ஊசியை விட்டால் வேறொரு சிக்கல். அப்போது திரையில் தெரிவது ஒரு வெள்ளைப் புள்ளி மட்டுமே. அது முனையா, ஊசியின் நடுத்தண்டா என்று புள்ளியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இத்தனைக்கும் ஒரு கையில் புரோப், மறு கையில் ஊசி, கண் இரண்டும் திரையில். அமெரிக்காவின் டார்ட்மத் மருத்துவ மையத்தைச் சேர்ந்த மயக்க மருத்துவர்கள், பயிற்சி மருத்துவர்கள் ஸ்கேன் பார்த்து நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசி போடுவதைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வில் 520 ஊசிகளில் 398 பிழைகளை எண்ணியிருந்தார்கள். அடிக்கடி நடந்தவை இரண்டு: முனை தெரியாத நிலையிலேயே ஊசியை முன்னே தள்ளியது, தன்னை அறியாமல் புரோபை நகர்த்தியது.  உடற்கூறு தெரியாததால் வந்த பிழைகள் அல்ல இவை. கைக்கும் கண்ணுக்கும் இன்னும் பழக்கம் ஏற்படாததால் வந்தவை.

இந்தப் பழக்கத்தை யார் கழுத்தில் பழகுவது? யார் கழுத்திலும் இல்லாமல் பழகுவதற்காக உண்டாக்கப்பட்டவையே ‘ஃபாண்டம்’ என்று மருத்துவர்கள் அழைக்கும் பயிற்சி மாதிரிகள்.

உடலைத் தொடும் முன் வேறொன்றில் பழகும் வழக்கம் பழையது. சுஸ்ருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. வெட்டிப் பழகப் பூசணியும் சுரைக்காயும் வெள்ளரியும், ரத்தக் குழாயைத் துளைத்துப் பழகச் செத்த விலங்கின் குழாய்களும் ஆம்பல் தண்டும், சுரண்டிப் பழக மயிரோடு கூடிய தோல், தைத்துப் பழகத் துணி என்று அது சொல்லிக்கொண்டே போகிறது. சீனாவில் 1027-இல், இங்கே ராஜேந்திர சோழன் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், வாங் வெய்யி என்ற அரண்மனை மருத்துவர் ஆளுயர வெண்கல உருவங்கள் இரண்டை வார்ப்பித்தார். அக்குபங்சர் புள்ளிகள் துளைகளாக இருந்த அந்த உருவத்தின் மேல் மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி மாணவர்களைச் சோதித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. சரியான புள்ளியில் ஊசி இறங்கினால் நீர் கசியும். ‘எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது’ என்று மார்தட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. சுஸ்ருதரின் பட்டியலில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அவர் எல்லாச் செயலுக்கும் ஒரே மனித பொம்மையைத் தேடி நேரத்தைக் கழிக்கவில்லை. துளைக்கும் கைக்கு எதிர்ப்பு எப்படி இருக்க வேண்டுமோ அது ஆம்பல் தண்டில் இருந்தால் போதும் என்றார். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பொருள். ஃபாண்டம் செய்கிறவர்கள் இன்று விவாதிப்பதும் இதையே சுற்றித்தான்: மாதிரி எந்த விஷயத்தில் உடலைப் போல இருக்க வேண்டும்?

ஸ்கேனைப் பொறுத்தவரை முதல் பதில்: ஒலிக்கு உடலைப் போல இருக்க வேண்டும். கண்ணுக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

மனிதக் காதுக்கு எட்டும் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வுகள். கழுத்தைப் பார்க்கும் புரோப் எழுப்புவது நொடிக்கு 50 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி அதிர்வுகள் வரை. ஒலி உள்ளே போய், மோதி, எதிரொலியாகத் திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்று அளந்து கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. அதற்கு உள்ளே ஒலியின் வேகம் தெரிய வேண்டும். உலகத்தில் உள்ள ஏறக்குறைய எல்லா ஸ்கேன் கருவிகளும், முன்னால் இருப்பது எதுவானாலும், வேகம் நொடிக்கு 1,540 மீட்டர் என்றே வைத்துக்கொள்கின்றன. மென் திசுக்களின் சராசரி அது. 2 சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள சிரையிலிருந்து எதிரொலி திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சம் பங்கில் சுமார் 26 பங்கு ஆகும்.

இங்கே சிலிக்கோன் மாட்டிக்கொள்கிறது. தோல் போலவே வழவழப்பு, கெட்டுப்போகாது, அழகாக வார்க்கலாம். ஆனால் அதற்குள் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. அதில் 2 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழாயை வைத்தால் கருவி அதை 3 சென்டிமீட்டர் ஆழத்தில் காட்டும். போதாததற்கு ஒலியையும் நிறைய விழுங்கிவிடும். தலை, தாடை, தோள் எல்லாம் தத்ரூபமாகச் செய்த பொம்மை ஒன்று, ஸ்கேன் கற்கும் மாணவனுக்கு ஒரு கிண்ணம் ஜெலட்டினைவிடப் பயனற்றதாக இருக்க முடியும். ஜெலட்டின் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதில் ஒலியின் வேகம் திசுவுக்கு மிக அருகில் இருக்கிறது.

ஜெலட்டின் ஃபாண்டம் செய்முறை சமையல் குறிப்புக்கு வெகு தூரத்தில் இல்லை. சுவையோ நிறமோ சேர்க்காத ஜெலட்டின் தூள், எடையில் தண்ணீரின் பத்தில் ஒரு பங்கு. முதலில் குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, பிறகு மெல்லச் சூடாக்கிக் கரைக்க வேண்டும். கொதிக்க விட்டால் இறுகும் பலம் குறையும். மேலே திரளும் நுரையைப் பொறுமையாக எடுத்துவிட வேண்டும். காற்று ஸ்கேனுக்கு எதிரி. ஒரு சிறு குமிழி போதும், திரையில் வெள்ளைப் பொட்டும் அதன் கீழே கறுப்பு நிழலும் விழும். பாதி அளவு ஊற்றி உறைய விட்டு, அதன் மேல் ‘ரத்தக் குழாய்களை’க் கிடத்தி, மீதியை ஊற்றுவார்கள். குழாய்க்கு மிட்டாய்க் கடை நீளப் பலூனும் ஆகும், அறுவை அரங்கின் மெல்லிய ரப்பர்க் குழாயும் ஆகும். ஒன்றில் சிவப்புச் சாயத் தண்ணீர், மற்றதில் நீலம். சிரிஞ்சில் நீலம் ஏறினால் சிரை, சிவப்பு ஏறினால் தமனி. சலைன் பாட்டிலின் பிளாஸ்டிக் குழாய் தமனிக்கு ஆகும், சிரைக்கு ஆகாது. அழுத்தினால் நசுங்க வேண்டுமே.

இந்த ஜெலட்டினில் ஒரு குறை உண்டு. அது அளவுக்கு மீறித் தெளிவாக இருக்கிறது. திசுவுக்குள் ஒலி எண்ணற்ற நுண்ணிய இடங்களில் மோதிச் சிதறுவதால்தான் ஸ்கேன் படம் சாம்பல் பொடி தூவியது மாதிரி தெரிகிறது. வெறும் ஜெலட்டினில் சிதறடிக்க எதுவும் இல்லை. பின்னணி முழுக்க இருட்டு. அந்த இருட்டில் ஊசி பளீரென்று தெரியும். முதல் நாளே வெற்றி மேல் வெற்றி. அங்கிருந்து நேரே நோயாளியிடம் போகும் மாணவர், சாம்பல் பின்னணியில் ஊசியைத் தொலைத்துவிட்டுத் திகைப்பார். தவறான தன்னம்பிக்கையைக் கற்றுக்கொடுக்கும் மாதிரியைவிட மாதிரி இல்லாமலிருப்பதே மேல் என்பேன்.

இதற்கு 1995-இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் எழுதிய ஒரு கட்டுரை சொன்ன வழி எளிமையானது: மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் சைலியம் தூளைக் கலந்துவிடுவது. நம் வீடுகளில் அது இசப்கோல். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைந்து உலகெங்கும் போகிற அதே உமி. இரண்டொரு கரண்டி சேர்த்தாலே பின்னணி சாம்பல் நிறமாகிவிடுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. கலவை கலங்கிப்போவதால் மாணவர் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து ஊசியைக் கண்டுபிடிக்க முடியாது. ஆசிரியர்கள் கவலைப்படும் ‘காப்பி அடித்தல்’ இங்கே இந்த வடிவில் வரும். மற்றொரு வடிவம், முந்தைய மாணவரின் ஊசி போன தடம். ஜெலட்டினில் அது வெள்ளைக் கீற்றாக நின்றுவிடும். அடுத்தவர் அதே வழியில் போய்விடுவார். தடங்கள் சேர்ந்துவிட்டால் உருக்கி, நுரை நீக்கி, மறுபடி வார்ப்பதே வழி.

நம் ஊர் வெயில் ஜெலட்டினுக்கு ஒத்துவராது. முப்பது டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கிவிடும். ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் தாங்குவது மின்விசிறி மட்டும் உள்ள வகுப்பறையில் தாங்காது. அகர் அகர் இதற்கு மாற்று. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் வருவது. மதுரைப் பக்கத்தில் இதற்குத் தொழிற்கூடங்கள் உண்டு. ஒருமுறை உறைந்துவிட்டால் 80 டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் உருகும். ஆனால் அகர் முறியும் குணம் உள்ளது. ஊசி நுழைந்த இடத்தில் விரிசல் விடும், விரிசலில் காற்று புகும். இரண்டையும் கலந்து பார்க்கிறார்கள். துப்பாக்கிக் குண்டுச் சோதனைக்குப் பயன்படும் கெட்டியான ஒளிபுகு ஜெல், பி.வி.சி., டோஃபு என்று பட்டியல் நீளும். டோஃபுவில் பின்னணி அருமையாக இருக்கும், ஊசியைப் பிடித்து நிறுத்தும் உறுதி மட்டும் இருக்காது.

இறைச்சிக்கு ஸ்கேனோடு உள்ள உறவு ஸ்கேன் பிறந்த நாளிலிருந்தே தொடர்கிறது. 1955-இல் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, பாய்லர் தயாரிக்கும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்துக்குப் போனார். உலோகத்தில் விரிசல் தேடும் மீயொலிக் கருவி அங்கே இருந்தது. கட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நிறுவனத்தார் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்கள். அன்று ஒப்பீட்டுக்கு வந்த இறைச்சி இன்று பயிற்சிக்கு வருகிறது. கோழி நெஞ்சுக்கறியின் தசை இழைகள் திரையில் மனிதத் தசை போலவே தோன்றும். ஊசி தசை உறையைத் துளைக்கும்போது கையில் ‘பட்’டென்று ஓர் உணர்வு வரும். எந்த ஜெல்லாலும் இன்னும் சரியாகத் தர முடியாதது அது. டார்ட்மத்தில் வான்கோழி நெஞ்சுக்குள் ஓர் ஆலிவ் காயைப் புதைத்து மாணவர்களைத் தேடச் சொன்னார்கள். மார்பகக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பழக, நடுவில் சிவப்பு மிளகாய் திணித்த ஆலிவ் நல்ல உத்தி: ஊசியில் சிவப்புத் துணுக்கு வந்தால் நடுவில் குத்தியிருக்கிறார் என்று அர்த்தம். ஜோகன்னஸ்பர்க் மருத்துவர்கள் 2010-இல் தங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கும் பொலோனி என்ற தடித்த சாசேஜை வைத்து ஃபாண்டம் செய்து காட்டினார்கள். இறைச்சியின் தொல்லைகளைச் சொல்ல வேண்டியதில்லை: நாற்றம், கிருமி, நோயாளி மேல் வைக்கும் புரோபை அதில் வைக்க உறை போட வேண்டிய கட்டாயம். சைவ உணவுக்காரர்கள் மிகுந்த வகுப்பில் ஜெலட்டினுக்கே முகம் சுளிப்பார்கள்.

விலைக்கு வரும் மாதிரிகளும் உண்டு. ‘ப்ளூ ஃபாண்டம்’ போன்றவை நூற்றுக்கணக்கான குத்தல்களைத் தாங்கும், ஊசித் தடம் தானே மூடிக்கொள்ளும் பொருளால் ஆனவை. சில மாதிரிகளில் கை பம்ப் வைத்துத் தமனியைத் துடிக்க வைக்கலாம். விலை டாலரில் ஆயிரக்கணக்கில். முதுகுத்தண்டு ஊசிக்கு மட்டும் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் முதுகெலும்பைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து ஸ்கேன் செய்தால் எலும்புகளின் வடிவங்களும் நடுவே உள்ள இடைவெளிகளும் துலக்கமாகத் தெரியும். இன்னொரு கோடியில் இறந்தோர் உடல். ஃபார்மலினில் பதப்படுத்திய உடல் விறைத்துவிடும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகர உடற்கூறியலாளர் வால்ட்டர் தீல் 1992-இல் வெளியிட்ட முறையில் பதப்படுத்தினால் மூட்டுகள் மடங்கும், தசை மென்மையாக இருக்கும், ஸ்கேனிலும் நன்றாகத் தெரியும். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் நரம்பு மரப்பு ஊசிப் பயிற்சிக்கு இவற்றைப் பயன்படுத்துகிறது.

ஃபாண்டம் கற்றுக்கொடுப்பதோடு நில்லாமல் சில சமயம் உளவும் பார்க்கும். 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பயிற்சி மருத்துவர்களைக் கழுத்து மாதிரி ஒன்றில் சென்ட்ரல் லைன் போடச் சொன்னார்கள். மாதிரியின் உள்ளே இன்னொரு புரோபை ஒளித்து வைத்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. முன்பக்கத் திரையில் எல்லாம் சரியாகப் போனதாகத் தோன்றியது. ஒளித்த புரோப் காட்டியது வேறு: பாதிக்கும் மேற்பட்டவர்களின் ஊசி சிரையின் முன் சுவரோடு நில்லாமல் பின் சுவரையும் துளைத்துக்கொண்டு போயிருந்தது. ஊசியைப் பின்னிழுக்கும்போது சிரைக்குள் வந்து ரத்தம் ஏறிவிடும் என்பதால், போட்டவருக்கு அது தெரிய வழியே இல்லை. நோயாளி ஒருவரிடம் இப்படியொரு சோதனையை யாரும் செய்ய முடியாது.

மாதிரியில் பழகுவதால் நோயாளிக்கு நன்மை உண்டா என்ற கேள்விக்குச் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் நேரடியாகப் பதில் தேடினார்கள். அவர்களுடைய பயிற்சியில் கால அளவு கிடையாது, தேர்ச்சி அளவு மட்டும் உண்டு. 27 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புத் தாளில் குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தொடும்வரை மாதிரியிலேயே பழக வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளாகலாம், இன்னொருவருக்குக் கூடுதலாகலாம், அதுவரை நோயாளி பக்கம் விடமாட்டார்கள். கை கழுவுவது, துணி போர்த்துவது முதல் ஊசி வரை எல்லாம் அந்தத் தாளில் அடக்கம். அந்தப் பயிற்சிக்கு முன் அவர்களது தீவிர சிகிச்சைப் பிரிவில் சென்ட்ரல் லைன் வழியாக ரத்தத்தில் பரவும் தொற்று, குழாய் இருந்த ஒவ்வொரு 1,000 நாளுக்கும் 3.20 என்று இருந்தது. பயிற்சிக்குப் பின் 0.50. பயிற்சிக்குச் செலவழித்ததைப்போல ஏழு மடங்கு மிச்சமானது என்று மறு ஆண்டு கணக்குக் காட்டினார்கள். தொற்று குறைந்ததற்கு ரப்பர்க் கழுத்தைக் காட்டிலும் அந்தத் தாளும், பாதியில் விடாத பிடிவாதமும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கழுத்து இல்லாமல் தாளை மட்டும் வைத்துப் பழகியிருக்க முடியாது என்பதும் உண்மை.

மாதிரி கற்றுத் தராதவை நிறைய. அது மூச்சு விடாது. நோயாளி மூச்சை இழுத்து விடும்போது கழுத்துச் சிரை சுருங்கி விரியும். அது இருமாது, வலிக்கிறது என்று கையைத் தட்டிவிடாது. ரத்த அழுத்தம் விழுந்து சிரை காகிதமாய் ஒட்டிக் கிடக்கும் நோயாளியை ஜெலட்டினில் செய்து காட்ட இன்னும் யாருக்கும் எளிய வழி கிடைக்கவில்லை. அதனால் மாதிரியில் தேறியவரும் முதல் சில நோயாளிகளிடம் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கத்தான் ஊசி பிடிக்க வேண்டும்.

இந்தியாவில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மருத்துவக் கல்லூரிகளில் திறன் பயிற்சிக்கூடம் இருக்க வேண்டும் என்கிறது. ஜெலட்டினும் பலூனும் இசப்கோலும் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் கிடைக்கும். கிடைக்கச் சிரமமானது ஸ்கேன் கருவியின் ஓய்வு நேரம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு கருவியும் அது இருக்கும் இடத்தோடு சேர்த்துப் பதிவாக வேண்டும். கையில் பிடிக்கும் அளவு சிறிய கருவியைக்கூட விடுதி அறைக்கு எடுத்துப்போய்ப் பழக முடியாது. அந்தச் சட்டத்துக்கான காரணங்கள் வலுவானவை, அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். ஆகவே இங்கே ஃபாண்டம்தான் டிபன் டப்பாவில் ஏறிக் கருவி இருக்கும் அறைக்குப் போகிறது, வெளிநோயாளிகள் வரிசை முடிந்த பிறகு.